வளி விஞ்சு ஏன் பாரத்தைத் தூக்கவில்லை?
(அமுக்கம், திருப்பம், வலு ஆகிய அலகுகளுக்கான பிரயோக விளக்கம்)

அமுக்கம், திருப்பம், வேலை, வலு ஆகியவற்றைத் தனித்தனியே நன்றாகப் படித்த மாணவர்கள்கூட, இவை நான்கும் ஒரே பொறியில் சேர்ந்து வரும் வினாவைக் கண்டால் தடுமாறுவதுண்டு. அத்தகைய பொறிகளுள் ஒன்று வளி விஞ்சு. அது சரியாக இயங்கும்போது அதைப் பற்றி யாரும் சிந்திப்பதில்லை. அது பழுதடையும்போதுதான் பாடப்புத்தகத்தில் உள்ள சமன்பாடுகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ஆகவே இக்கட்டுரையில் பழுதுகளின் வழியாகவே அப்பொறியை விளங்கிக்கொள்வோம்.

விஞ்சு என்பது உங்களுக்குப் புதிய பொருளன்று. தெஹியோவிட்டையிலிருந்து இரத்தினபுரிப் பக்கம் போகும்போது எஹலியகொடையைச் சூழ்ந்த வயல்களில் மாணிக்கக் குழிகளைக் கண்டிருப்பீர்கள். குழியின் வாயில் ஒரு மர உருளை. அதன் இரு முனைகளிலும் கைப்பிடி. உருளையில் சுற்றிய கயிற்றின் நுனியில் மண் நிரம்பிய கூடை. சிங்களத்தில் இதனை ‘டபரே’ என்பர். நாம் படிக்கும் ‘சில்லும் அச்சாணியும்’ என்ற எளிய பொறி இதுவே. மனிதனின் கைக்குப் பதிலாக, அமுக்கிய வளியால் சுழலும் ஒரு மோட்டரை அந்த உருளையுடன் இணைத்தால் அது வளி விஞ்சு.

மின்மோட்டர் இருக்கும்போது வளி எதற்கு? இதற்கு விடை நமது கேகாலை மாவட்டத்திலேயே இருக்கின்றது. அருக்கம்மனையில் உள்ள போகல காரீயச் சுரங்கத்தில் 1847 ஆம் ஆண்டிலிருந்து காரீயம் அகழப்படுகின்றது. 1971 இல் அரசுடைமையாக்கப்பட்டு, பின்னர் கம்பனியாக மாற்றப்பட்ட இச்சுரங்கம் இன்று 400 மீற்றருக்கும் கூடிய ஆழம் கொண்டது. அதன் தளங்கள் பழைய வழக்கப்படி ‘பாகம்’ என்ற அளவினாலேயே பெயரிடப்படுகின்றன (1 பாகம் = 6 அடி). இத்தகைய சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் கருவிகள் அமுக்கிய வளியினால் இயங்குகின்றன. அதே குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்தால் விஞ்சையும் இயக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. பரீட்சையில் பெரும்பாலோர் எழுதத் தவறுவது இதைத்தான். காரீயம் ஓர் அல்லுலோகமாக இருந்தும் மின்னைக் கடத்தும் காபனின் ஒரு வடிவம். அதன் நுண்ணிய தூள் மின்மோட்டரினுள் படிந்தால் குறுஞ்சுற்று ஏற்படக்கூடும். சுவரெல்லாம் நீர் கசியும் இடத்தில் மின்னதிர்ச்சி ஆபத்தும் அதிகம். வளி மோட்டரில் மின் இல்லை, பொறி பறப்பதில்லை, பாரம் மிகையானால் அது எரிந்துபோகாமல் நின்றுவிடும்.

வளி செல்லும் பாதை

பழுதைத் தேடுபவர் முதலில் மனத்தில் வரைய வேண்டியது வளி செல்லும் பாதையை. வளி அமுக்கி (டயர்க் கடையில் ‘கொம்பிரசர்’ என்கிறோமே, அதுவே) வளிமண்டல வளியை உள்ளெடுத்து அமுக்கித் தாங்கியில் சேர்க்கின்றது. அங்கிருந்து இரும்புக் குழாய், அதன் பின் இறப்பர்க் குழாய், நீரையும் தூசியையும் பிரிக்கும் வடிகட்டி, அமுக்கச் சீராக்கி, எண்ணெய் ஊட்டி, கைப்பிடியுள்ள கட்டுப்பாட்டு வால்வு, மோட்டர், கடைசியாக வெளியேற்றும் துவாரம். மோட்டருக்கும் உருளைக்கும் இடையில் பற்சில்லுகளும் ஒரு தடுப்பும் (பிரேக்) இருக்கும்.

சிறிய விஞ்சுகளில் பெரும்பாலும் காணப்படுவது தகட்டு மோட்டர். ஒரு வட்ட அறையினுள் சற்று விலகிய மையத்தில் சுழலும் சுழலி இருக்கும். அதில் வெட்டப்பட்ட பள்ளங்களில் மெல்லிய தகடுகள் உள்ளும் புறமும் வழுக்கி அறையின் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். உள்ளே வரும் வளி தகட்டைத் தள்ள, சுழலி சுழலும். தள்ளும் விசையைத் தருவது நீங்கள் அறிந்த சமன்பாடே: விசை = அமுக்கம் × பரப்பளவு. தகட்டின் பரப்பளவு மாறாது. எனவே தகட்டுக்கு வந்து சேரும் அமுக்கம் குறைந்தால், அதே விகிதத்தில் விசையும், விசையின் திருப்பமும் குறையும்.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு விஞ்சின் உருளையின் ஆரை 10 சென்ரிமீற்றர். 600 கிலோபஸ்கால் அமுக்கத்தில் அதன் உருளைக்குக் கிடைக்கும் திருப்பம் 480 நியூற்றன் மீற்றர். தூக்கவேண்டிய பாரத்தின் திணிவு 400 கிலோகிராம். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால் அதன் நிறை 4000 நியூற்றன். தேவையான திருப்பம் 4000 × 0.1 = 400 நியூற்றன் மீற்றர். 480 இருக்கின்றது, 400 போதும். பாரம் எழும்.

நிற்கும்போது காட்டும் மானி

ஒரு நாள் அதே விஞ்சு அதே பாரத்தைத் தூக்கத் திணறுகின்றது. சிறிது அசைகின்றது, நிற்கின்றது, மீண்டும் சிறிது அசைகின்றது. அமுக்கமானியைப் பார்த்தால் 600 கிலோபஸ்கால்; குறைவே இல்லை. “வளி சரியாகத்தான் வருகின்றது, மோட்டர்தான் போய்விட்டது” என்று முடிவெடுத்து மோட்டரைக் கழற்றுகிறார்கள். புதிய தகடுகள் போட்டுப் பூட்டிய பின்பும் அதே திணறல். வளியால் இயங்கும் பொறிகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இதுவே. பணமும் நாளும் வீணாவதோடு, பழுதில்லாத பொறியைக் கழற்றிப் பூட்டியதால் புதிய பழுதொன்று சேர்வதும் உண்டு.

தவறு எங்கே? மானியைப் பார்த்த நேரத்தில் விஞ்சு நின்றுகொண்டிருந்தது. வளி பாயாதபோது குழாயின் இரு முனைகளிலும் அமுக்கம் சமனாகவே இருக்கும். குழாய் எவ்வளவு ஒடுங்கியிருந்தாலும், வடிகட்டி எவ்வளவு அடைத்திருந்தாலும் மானி 600 ஐயே காட்டும். வளி பாயத் தொடங்கியவுடன்தான் ஒவ்வொரு தடையும் தன் பங்கு அமுக்கத்தை எடுத்துக்கொள்கின்றது. காலையில் எல்லா லயங்களிலும் பீலியைத் திறந்தால் கடைசி வீட்டுப் பீலியில் தண்ணீர் நூலாக வருவதை நினைத்துப் பாருங்கள். இரவில் எல்லாம் மூடியிருக்கும்போது அதே பீலியைத் திறந்தால் தண்ணீர் பாயும். குழாய் ஒன்றே, பாய்ச்சல்தான் வேறு.

ஆகவே அமுக்கத்தை விஞ்சின் வாயிலில், விஞ்சு ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்கவேண்டும். இதற்குப் பாரத்தைத் தொங்கவிடத் தேவையில்லை. பாரமின்றி முழு வேகத்தில் ஓடும்போதே மோட்டர் அதிக வளியை உட்கொள்ளும். எனவே வெறும் கொக்கியுடன் ஓடவிட்டு அளப்பதே பாதுகாப்பானதும் தெளிவானதுமான முறை. அப்போது மானி 400 கிலோபஸ்காலுக்கு இறங்கினால், 400 இல் கிடைக்கும் திருப்பம் 480 × 400 ÷ 600 = 320 நியூற்றன் மீற்றர் மட்டுமே. 400 கிலோகிராமைத் தூக்க இது போதாது. விஞ்சு நிற்கும்; நின்றதும் பாய்ச்சல் குறைந்து அமுக்கம் மீண்டும் ஏறும்; சிறிது அசையும்; அசைந்ததும் அமுக்கம் இறங்கும். மேலே சொன்ன திணறலின் காரணம் இப்போது தெளிவாகின்றதல்லவா? தொடக்கத்திலிருந்தே அசையாமல் நின்றால் அது வேறு கதை. அமுக்கி போதிய அமுக்கத்தைத் தரவில்லை, அல்லது யாரோ சீராக்கியைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், அல்லது தடுப்பு விடுபடவில்லை.

ஓடும்போது அமுக்கம் இறங்குகின்றதென்றால் தடை எங்கே எனப் பாதையின் வழியே பின்னோக்கித் தேடவேண்டும். முதலில் வடிகட்டி. அடுத்து, இறப்பர்க் குழாய் மடிந்திருக்கின்றதா என்று பார்க்க. அதன் உட்படை உரிந்து வழியை மறைத்திருக்கவும் கூடும். வெளியே பார்த்தால் இது தெரியாது. பிறகு குழாயின் விட்டம். பழைய குழாய் வெடித்ததால் கையில் கிடைத்த ஒடுங்கிய குழாயைப் பொருத்தியிருப்பார்கள். விட்டம் பாதியானால் குறுக்குவெட்டுப் பரப்பளவு கால்பங்காகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அதே அளவு வளியை அதனூடாக அனுப்பும்போது அமுக்க இழப்பு நான்கு மடங்காவதில்லை. ஏறத்தாழ 30 மடங்காகின்றது. தாங்கியிலிருந்து நீண்ட தூரம் செல்லும் சுரங்கக் குழாயில் இது எவ்வளவு பெரிய விடயம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கசிவையும் பாருங்கள். 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு துளை போதும். 600 கிலோபஸ்கால் அமுக்கத்தில் செக்கனுக்கு 8 முதல் 10 இலீற்றர் வரை வளி வெளியேறும். சைக்கிள் டியூபில் துளையைக் கண்டுபிடிக்கத் தண்ணீரில் அமிழ்த்துவோம்; குழாயின் மூட்டுகளில் சவர்க்காரக் கரைசலைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

வெளிவரும் வளி சொல்லும் செய்தி

அமுக்கம் சரியாக இருந்தும் மோட்டர் சுழலவில்லையா? வெளியேற்றும் துவாரத்தைக் கவனியுங்கள். (கையை நேரே துவாரத்தில் வைக்கக்கூடாது, ஒரு துணித்துண்டைக் குச்சியில் கட்டிப் பிடித்தால் போதும்.) வளி பலமாக வெளிவந்தும் சுழலி சுழலவில்லையென்றால் வளி தகடுகளைத் தள்ளாமல் அவற்றைக் கடந்து ஓடிவிடுகின்றது. தகடுகள் தேய்ந்துள்ளன அல்லது பள்ளத்தில் ஒட்டிக்கொண்டுள்ளன. வளி மெதுவாக வருகின்றதென்றால் கட்டுப்பாட்டு வால்வு முழுமையாகத் திறக்கவில்லை, அல்லது வெளியேறும் வழியே அடைத்துள்ளது, அல்லது மோட்டர் இறுகியுள்ளது. வெளியேறும் வழி அடைத்தால் என்ன என்று சிலர் கேட்பர். தகட்டின் இரு பக்க அமுக்கங்களின் வித்தியாசமே அதைத் தள்ளுகின்றது. பின்பக்கம் 600 ஆக இருந்தும் முன்பக்கத்தில் வெளியேற முடியாத வளி 200 ஆகத் தேங்கி நின்றால், பயன்படுவது 400 மட்டுமே.

தகடுகள் ஒட்டிக்கொள்ள முக்கிய காரணம் எண்ணெய் இல்லாமை. எண்ணெய் ஊட்டியின் கண்ணாடி வழியே துளிகள் விழுவதைப் பார்க்கலாம். கிண்ணம் நிறைந்திருந்தும் துளி விழாவிட்டால் பயனில்லை. “காரீயமே ஓர் உராய்வு நீக்கிதானே, தூள் உள்ளே போனால் நல்லதல்லவா?” என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. தூய காரீயம் உராய்வைக் குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் சுரங்கத் தூசியில் காரீயத்துடன் படிகக்கல்லின் துகள்களும் வரும். அவை தகட்டை அராவிவிடும். பல வாரங்கள் ஓடாமல் கிடந்த விஞ்சில் துருவினாலும் தகடுகள் ஒட்டும். குழாயைக் கழற்றி வாயிலில் சிறிது எண்ணெய் விட்டு, பாரமின்றி மெதுவாக இரு பக்கமும் ஓடவிட்டால் பெரும்பாலும் அவை விடுபடும்.

எங்கள் மழையும் விஞ்சும்

தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டைப் பகுதிகளில் ஆண்டு மழைவீழ்ச்சி 3000 மில்லிமீற்றருக்கு மேல். வளியின் ஈரப்பதனும் அதிகம். இது விஞ்சை எப்படிப் பாதிக்கும்?

30 பாகை செல்சியசில் 1 கன மீற்றர் வெளியில் ஏறத்தாழ 30 கிராம் நீராவிதான் இருக்க முடியும். சாரீரப்பதன் 80 சதவீதமான நாளில் 1 கன மீற்றர் வளியில் 24 கிராம் நீராவி இருக்கும். மானி 600 கிலோபஸ்கால் காட்டும்போது உண்மையான அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்து 700 கிலோபஸ்கால். (மானி காட்டுவது வளிமண்டல அமுக்கத்துக்கு மேலதிகமானதை மட்டுமே. இதை மறந்து புள்ளி இழப்பவர் ஆண்டுதோறும் பலர்.) ஆகவே 7 கன மீற்றர் வளி 1 கன மீற்றராக அமுக்கப்பட்டுள்ளது. அதனுள் வந்த நீராவி 7 × 24 = 168 கிராம். அமுக்கிய வளி மீண்டும் 30 பாகைக்குக் குளிர்ந்தபின் அந்த 1 கன மீற்றரில் 30 கிராமே நிற்கும். மீதி 138 கிராம் ஒடுங்கி நீராகும். நாள் முழுதும் அமுக்கி ஓடினால் தாங்கியின் அடியில் சேரும் நீரின் அளவை நீங்களே ஊகிக்கலாம். அதைத் தினமும் அடிவால்வைத் திறந்து வெளியேற்றாவிட்டால் நீர் குழாய் வழியே மோட்டருக்குச் சென்று எண்ணெயைக் கழுவிவிடும்.

இன்னும் வியப்பானது, இந்த வெப்பமான நாட்டில் வெளியேற்றும் துவாரத்தில் வெண்பனி படிவது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் பம்பு சுடும். அமுக்கும்போது வளி வெப்பமடைகின்றது. அதன் எதிர்ச்செயல் மோட்டரினுள் நிகழ்கின்றது. விரிந்து வேலை செய்யும் வளி தன் சக்தியில் ஒரு பகுதியை இழந்து குளிர்கின்றது. ஈரம் மிகுந்திருந்தால் அது துவாரத்தில் உறைந்து வழியை அடைக்கும். விஞ்சு காலையில் நன்றாகத் தொடங்கி, அரை மணி நேரத்தில் தளர்ந்து, சிறிது ஓய்வு கொடுத்தால் மீண்டும் நன்றாக ஓடினால் இதைச் சந்தேகிக்கலாம். பனியைத் தீ காட்டி உருக்குவது ஆபத்து. எண்ணெய்ப் புகை நிறைந்த துவாரம் அது. நீரை முன்கூட்டியே பிரிப்பதுதான் பரிகாரம்.

பழுதல்லாத பழுது

விஞ்சு அடியிலிருந்து பாரத்தை நன்றாகத் தூக்கி, மேலே வரவரத் தளர்கின்றது. மானி ஓடும்போதும் 600. எதையும் கழற்ற வேண்டாம், உருளையைப் பாருங்கள். கம்பிவடம் படைமேல் படையாகச் சுற்றி, மையத்திலிருந்து வெளிப்படைக்கு உள்ள தூரம் 10 இலிருந்து 15 சென்ரிமீற்றராகியிருக்கும். திருப்பம் அதே 480. இழுக்கும் விசை 480 ÷ 0.15 = 3200 நியூற்றன். முன்பு அமுக்கம் 400 ஆகக் குறைந்தபோது கிடைத்த விசையும் இதே 3200 தான் என்பதைக் கவனியுங்கள். நோயின் அறிகுறி ஒன்று, காரணம் இரண்டு. முதலாவதில் குழாயைத் திருத்தவேண்டும். இரண்டாவதில் பாரத்தைக் குறைக்கவேண்டும் அல்லது நீளம் குறைந்த வடத்தைப் பயன்படுத்தவேண்டும். வடம் முழுவதும் இறங்கிய நிலையிலும் உருளையில் குறைந்தது 3 சுற்றாவது எஞ்சியிருக்க வேண்டும். பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது நுனியில் உள்ள திருகாணியன்று, அச்சுற்றுகளின் உராய்வே.

தடுப்பு

மற்றப் பழுதுகளால் வேலை தாமதமாகும். தடுப்பு பழுதடைந்தால் பாரம் கீழே நிற்பவரின் மேல் விழும். எனவே இதை வேறாகப் பார்க்கவேண்டும்.

நிறுத்திய வளி மோட்டர் பாரத்தைத் தாங்கி நிற்காது; வளி தகடுகளின் விளிம்பால் மெல்ல நழுவிவிடும். தாங்குவது தடுப்பு மட்டுமே. நல்ல விஞ்சுகளில் தடுப்பை இறுக்குவது சுருள்வில், விடுவிப்பது வளி. குழாய் வெடித்து வளி முழுவதும் போனாலும் சுருள்வில் உடனே இறுக்கும். இந்த ஒழுங்கு மறுபுறமாக இருந்திருந்தால் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கைப்பிடியை விட்டபின் பாரம் அங்குல அங்குலமாக இறங்கினால், தடுப்பின் உராய்வுப் பட்டி தேய்ந்துள்ளது அல்லது அதில் எண்ணெய் பட்டுள்ளது. எண்ணெய் ஊறிய பட்டியைத் துடைத்துப் போடுவது கூடாது, மாற்றவேண்டும். எதிர்ப் பழுதும் உண்டு. அமுக்கம் குறைந்தால் வளியால் சுருள்வில்லை முழுமையாக விலக்க முடியாது. தடுப்பு அரைகுறையாக உரசியபடியே மோட்டர் ஓடும். அப்போது தடுப்பின் உறை சுடும். உராய்வினால் வீணாகும் சக்தி வெப்பமாகின்றது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

எந்தப் பழுதாயினும், கை வைக்குமுன் செய்யவேண்டியவை: பாரத்தை நிலத்தில் இறக்கவேண்டும், பிரதான வால்வை மூடிப் பூட்டவேண்டும், பிறகு கைப்பிடியை இரு பக்கமும் அசைத்துக் குழாயில் எஞ்சிய வளியை வெளியேற்றவேண்டும். மூன்றாவதையே பலர் மறக்கிறார்கள். வால்வை மூடினாலும் அதற்கப்பால் உள்ள குழாயில் அமுக்கிய வளி அழுத்திய வில்லைப் போலச் சக்தியுடன் நிற்கின்றது. அந்நிலையில் மூட்டைக் கழற்றினால் குழாய் சாட்டைபோல வீசும். அமுக்கிய வளியை உடம்பிலோ உடுப்பிலோ பிடித்துத் தூசி தட்டுவதும் வேண்டாம். தோலில் உள்ள சிறு காயத்தின் வழியாகக்கூட அது உட்புகலாம்.

பயிற்சி வினா

ஒரு வளி விஞ்சின் உருளையின் ஆரை 12 சென்ரிமீற்றர். 500 கிலோபஸ்கால் மானி அமுக்கத்தில் உருளைக்குக் கிடைக்கும் திருப்பம் 360 நியூற்றன் மீற்றர். (ஈர்ப்பு ஆர்முடுகல் 10 மீற்றர்/செக்கன்²)

(அ) வடத்தின் முதற்படையில் தூக்கக்கூடிய உச்சத் திணிவு யாது?
(ஆ) 240 கிலோகிராம் பாரத்தை 10 செக்கனில் 2 மீற்றர் உயர்த்தினால் பயன்படு வலு யாது?
(இ) விஞ்சு நிற்கும்போது மானி 500 உம், ஓடும்போது 350 உம் காட்டுகின்றது. 240 கிலோகிராமைத் தடையின்றித் தூக்குமா? நீங்கள் முதலில் பரிசோதிக்கும் இரு இடங்களைக் குறிப்பிடுக.

விடை: (அ) 360 ÷ 0.12 = 3000 நியூற்றன்; 300 கிலோகிராம். (ஆ) 2400 × 2 ÷ 10 = 480 உவாற்று. (இ) 360 × 350 ÷ 500 = 252 நியூற்றன் மீற்றர்; தேவையானது 2400 × 0.12 = 288. எனவே தடையின்றித் தூக்காது. அசைந்து நின்று அசையும். வடிகட்டியும் இறப்பர்க் குழாயும். (“மோட்டர்” என எழுதுபவருக்குப் புள்ளி இல்லை.)